மாசம் ஒரு பாட்டுக் கூட்டம்: செட்டிநாட்டு வீட்டுக்குள்ள எப்படி நடத்துறது?

பள்ளத்தூர்க்காரன்:
காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு சுத்துவட்டாரத்துல பன்னிரண்டு பேர். கல்லூரிப் பையன்லேர்ந்து எழுபது வயசு ஐயா வரைக்கும் இருக்காங்க. மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு வீட்டு முகப்புல (முன் கூடத்துல) உக்காந்து, அவங்கவங்களுக்குப் பிடிச்ச பாட்டைப் போட்டுக் கேக்கிறதுன்னு ஏற்பாடு. நடக்கிறது என்னன்னா, ஆளுக்கு அஞ்சு பாட்டு, பாதியில வெட்டு, "இதைவிட அதைக் கேளுங்க"ன்னு அடுத்தது. புதுப் பாட்டு எதுவும் யார் காதுலயும் ஏறல. சத்தமும் ஒரே கலங்கல், வார்த்தை புரியல. ஒருத்தர் 78 தட்டு (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய கிராமபோன் இசைத்தட்டு) வேற கொண்டு வர்றேங்கிறார். முறையா நடத்த என்ன செய்யலாம்?

தேவகோட்டை ரசிகர்:
முதல்ல கணக்கைப் பாருங்க. பாட்டுக்கு நாலரை நிமிஷம், பன்னிரண்டு பேர், ஆளுக்கு ரெண்டுன்னா பாட்டு மட்டுமே 108 நிமிஷம். பேச்சும் காபியும் சேர்ந்தா ராத்திரிச் சாப்பாடு தாண்டிரும். ஆளுக்கு ஒண்ணு போதும். அதை முழுசா ஓடவிடணும், இடையிசையில பேசக்கூடாது. படம், இசையமைப்பாளர் பேரெல்லாம் பாட்டு முடிஞ்ச அப்புறம் சொல்லுங்க. முதல்லயே சொன்னா கேக்கிறதுக்கு முன்னாடியே கட்சி கட்டிருவாங்க.

அடுத்து, "பிடிச்ச பாட்டு"ன்னு பொதுவா விட்டா நம்ம ஊர்ல எல்லாரும் கண்ணதாசன்ல ஆரம்பிச்சு கண்ணதாசன்லயே முடிப்பாங்க. தப்பில்ல, ஆனா புதுசு எங்கேர்ந்து வரும்? சங்கிலி முறை வைங்க. முன்னவர் போட்ட பாட்டோட ஏதாவது ஒண்ணு பொருந்தணும்: கவிஞர், பாடகர், ராகம், ஒரு வாத்தியம், எதுவானாலும் சரி.

உதாரணத்துக்கு, கண்ணதாசன் பாட்டு ஒண்ணு. அதுலேர்ந்து அவரோட அண்ணன் மகன் பஞ்சு அருணாசலம். ரெண்டு பேருக்கும் சொந்த ஊர் சிறுகூடல்பட்டி. பஞ்சு திரைக்கதை எழுதின 'அன்னக்கிளி' (1976) இளையராஜாவுக்கு முதல் படம். அடுத்த வருஷமே 'கவிக்குயில்'ல பாலமுரளிகிருஷ்ணா பாடின 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்'. அது ரீதிகௌளை. அந்த ராகத்தைப் பிடிச்சா 'சுப்ரமணியபுரம்' (2008) 'கண்கள் இரண்டால்' கைக்கு வந்திரும், இசை ஜேம்ஸ் வசந்தன். ஏறும்போது ச-க-ரி-க-ம-ன்னு வளைஞ்சு போற அந்தப் போக்கைக் காது ஒரு தடவை பிடிச்சிட்டா, அப்புறம் கச்சேரியில ரீதிகௌளை வந்தாலும் தானா தெரியும். ஐயாவும் பேரனும் ஒரே சரத்துல வந்தாச்சு.

கண்டனூர் சவுண்டு:
அண்ணே, கலங்கலுக்குக் காரணம் ஸ்பீக்கர் இல்ல, வீடு. ஆத்தங்குடிக் கல் தரை, வழுவழுன்னு தேய்ச்ச சுண்ணாம்புச் சுவர், ரொம்ப உயரத்துல கூரை. சத்தத்தை உள்வாங்க எதுவுமே இல்ல. நடு முகப்புல நின்னு ஒரு தடவை கை தட்டிப் பாருங்க. தட்டின சத்தம் உடனே நிக்காம இழுத்தா, அந்த இழுவைதான் அடுத்த வார்த்தை மேல விழுந்து குழப்புது. வால்யூம் கூட்டினா எதிரொலியும் சேர்ந்து கூடும், அவ்வளவுதான்.

தரையில ரெண்டு ஜமுக்காளம் விரிங்க. ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவர்ல பஞ்சு மெத்தையைச் சாத்துங்க, இல்லாட்டி கெட்டிப் போர்வையைக் கொடியில தொங்கவிடுங்க. ஸ்பீக்கரை மூலையில வைக்காதீங்க. ரெண்டு சுவரும் தரையும் சேர்ற இடத்துல பேஸ் பெருத்து, தபேலாவும் தவிலும் பாடகர் குரலை அமுக்கிரும். சுவர்லேர்ந்து மூணு அடி தள்ளி, உக்காந்திருக்கிறவங்க காது உயரத்துக்கு ஸ்டூல் மேல வைங்க. எல்லாரும் ஆறேழு அடிக்குள்ள இருக்கணும். பெரிய ஸ்பீக்கர் ஒண்ணுக்குப் பதிலா சின்னது ரெண்டு, கிட்டக்க, சத்தம் குறைச்சு. முற்றத்தைச் சுத்தின வளவுல (தாழ்வாரத்துல) எதிரொலி குறைவுதான், மழை வந்தா மட்டும் கூரைத் தண்ணி விழுற சத்தத்தைத் தாங்க முடியாது.

இன்னொண்ணு: இந்தக் காலப் பாட்டைச் சத்தம் தூக்கித்தான் பதிவு பண்றாங்க. அதுக்கு அடுத்து 60-கள்ல வந்த பாட்டைப் போட்டா சன்னமா கேக்கும், பாட்டே மட்டம்னு தோணும். ஒவ்வொரு பாட்டுக்கும் வால்யூமைச் சரிபண்ண ஒருத்தர் இருக்கட்டும்.

அரியக்குடி ஆச்சி:
தம்பி, 78 தட்டு அரக்குக் கலவை. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா கரையும், திரும்பச் சரிபண்ண முடியாது. தண்ணியில ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, மெத்துன பிரஷால காடி (ஊசி ஓடுற பள்ளம்) போற போக்குல துடைக்கணும், நடு லேபிள்ல ஈரம் படக்கூடாது. நிழல்ல காயவைங்க.

எல்.பி. (பின்னாடி வந்த, ரொம்ப நேரம் ஓடுற இசைத்தட்டு) ஊசியை இதுல போடாதீங்க. 78-க்குக் காடி அகலம். சன்ன ஊசி அடியில போய் உரசி வெறும் இரைச்சல்தான் வரும். 3 மில் (மில்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) ஊசின்னு கேட்டு வாங்கணும். சாவி கொடுக்கிற கிராமபோன்னா இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாத்துங்க, தேஞ்ச ஊசி காடியைச் சுரண்டிரும். எல்.பி.யை அதுல வைக்கவே வேண்டாம், அந்தக் கனம் தாங்காது. பழைய கிராமபோன் வாங்கிறதா இருந்தா பித்தளைக் குழாயோட பளபளப்பைப் பாக்காதீங்க. முழுசா சாவி கொடுத்து, பத்து இன்ச் தட்டுல ஒரு பக்கத்தை, அதாவது சுமார் மூணு நிமிஷம், ஓடவிடுங்க. கடைசியில சுருதி இறங்கினா ஸ்பிரிங் போச்சு.

கோட்டையூர் பட்டியல்:
கூட்டம் முடிஞ்சதும் வாட்ஸ்அப்ல வெறும் லிங்க் போடாதீங்க, ஆளுக்கொரு ஆப் வச்சிருப்பாங்க. முதல் அடி, படம், வருஷம், இசை, பாட்டு எழுதினவர், குரல் எல்லாத்தையும் எழுதிப் போடுங்க. ஆப்ல இருக்கிற வருஷத்தை நம்பவேண்டாம். தொகுப்பு ஆல்பத்துல இருக்கிற பழைய பாட்டுக்குப் பல நேரம் தொகுப்பு வந்த வருஷத்தைத்தான் காட்டும். அதே பாட்டை வேற யாராவது பின்னாடி பாடினதும் அதே பேர்ல கிடக்கும், குரலைக் கேட்டுச் சரிபாருங்க.

பள்ளத்தூர்க்காரன்:
ஜமுக்காளம், சங்கிலி ரெண்டும் இந்த மாசமே. முதல் பாட்டு யார் போடுறது? ஐயாதானே மரியாதை?

தேவகோட்டை ரசிகர்:
வேண்டாம். வயசுல சின்னவர் ஆரம்பிக்கட்டும். அப்பத்தான் பெரியவங்க அந்தப் பாட்டைக் கவனிச்சுக் கேட்டு, அதுக்குப் பொருத்தமா தேடி எடுப்பாங்க. ஐயாவைக் கடைசியில வைங்க, 78 தட்டோட.