குன்னூர் வாடகை வீட்டில் சுவர் ஓதம்: செலவு யார் தலையில்?

மூடுபனி:
மேட்டை வெட்டிக் கட்டிய பழைய ஓட்டு வீடு. பின் அறையில் மேட்டுப் பக்கச் சுவர் இடுப்பு உயரம் வரை நனைந்து, சுண்ணாம்பு பொரிந்து கொட்டுகிறது. ஜன்னல் மூலையிலும் பீரோவுக்குப் பின்னாலும் கறுப்புப் பூஞ்சணம். “ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே துணி காயப்போட்டால் இப்படித்தான்” என்கிறார் ஓனர். காலி செய்யும்போது பெயின்ட் செலவை அட்வான்ஸில் பிடிப்பாராம். 11 மாத அக்ரிமென்ட், பதிவு செய்யவில்லை. பொறுப்பு யாருடையது?

கரணைமட்டம்:
நீங்கள் சொல்வது இரண்டு வேறு ஈரம். சேர்த்துப் பேசினால் ஓனர் சொல்வதே நிற்கும்.

பொரிந்து உப்புப் பூக்கிற சுவர் மண்ணிலிருந்து குடிக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் மேடு ஊறி, சுவரை ஒட்டிக் கிடக்கும் மண் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். ஜன்னலை ராப்பகலாகத் திறந்து வைத்தாலும் இது நிற்காது. ஜன்னல் மூலை, பீரோ முதுகு விஷயம் வேறு: அறைக்காற்றின் ஆவி குளிர்ந்த சுவரில் படிவது. 1 கிலோ கேஸ் எரிந்தாலே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது, ஈரத்துணி தனிக் கணக்கு. அந்தப் பகுதிக்கு உங்கள் பங்கும் உண்டு.

எது எது என்று பார்க்க: ஒரு அடி சதுர அலுமினிய ஃபாயிலைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி 2 நாள் விடுங்கள். உள்பக்கம் (சுவர்ப் பக்கம்) நனைந்தால் சுவர் ஈரம், வெளிப்பக்கம் துளித்தால் அறை ஈரம். மேட்டுச் சுவரில் ஒன்று, பீரோ பின்னால் ஒன்று. பிரிப்பதற்கு முன் தேதியோடு போட்டோ.

உண்மையான வேலை வீட்டுக்கு வெளியே. சுவரை ஒட்டிய மண்ணை வீட்டின் உள்தரை மட்டத்துக்கு அரை அடி கீழே வரை எடுத்து, துளையிட்ட 4 அங்குல பிவிசி குழாயை 100 அடிக்கு 1 அடி வாட்டத்தில் போட்டு, மேலே 20 மி.மீ. ஜல்லி நிரப்ப வேண்டும். தடுப்புச் சுவரின் தண்ணீர்த் துளைகள் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், பாதி வீடுகளில் அதுதான். மழை விட்ட பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, மண்வெட்டியால்தான் தோண்ட வேண்டும். மொத்தமாக வெட்டினால் மேடு சரியும்; ஜேசிபிக்கு இந்த மாவட்டத்தில் அனுமதி வேண்டும். சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கு உள்ளே சிமென்ட் பூச்சோ வாட்டர்ப்ரூஃப் பெயின்டோ அடித்தால், வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். ஓனர்கள் முதலில் செய்வது என்னவோ அதைத்தான்.

வழக்குக்கட்டு:
2017ஆம் வருட தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் சட்டம் 22.2.2019 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணையில் ஓதம் என்ற சொல் கிடையாது. கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய் மாற்றுவது உரிமையாளர் தலையில். குழாய் வாஷர், வடிகால் அடைப்பு, ஜன்னல் கண்ணாடி உங்கள் தலையில். அதனால்தான் மேலே உள்ளவர் சொன்ன சோதனை முக்கியம். மண் ஈரம் கட்டுமானப் பழுது. சாதாரணத் தேய்மானத்துக்கு அட்வான்ஸில் கைவைக்க முடியாது. கழிவு போக மீதியைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

உங்கள் பலவீனம் பதிவில்லாத அக்ரிமென்ட். வாடகை அதிகாரியிடம் (துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர்) போனால் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். முதலில் வாடகை ஒப்பந்தங்களைப் பதியும் அரசின் tenancy இணையதளத்தில் பதிவுக்கு ஓனரை அழையுங்கள், எழுத்தில்.

மூடுபனி:
நானே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாமா சார்?

வழக்குக்கட்டு:
உரிமையாளர் மறுத்தால் கழிக்க 15ஆம் பிரிவு இடம் தருகிறது, ஆனால் மறுத்ததற்குச் சாட்சி வேண்டும். பதிவுத் தபாலில் போட்டோ, ஃபாயில் முடிவு, மேஸ்திரியின் மதிப்பீடு மூன்றையும் இணைத்துக் கெடு வைத்துக் கேளுங்கள். வாய்வார்த்தைக்குக் கழித்தால் அது வாடகைப் பாக்கியாகிவிடும், வெளியேற்ற அதுவே காரணம். குடியிருக்கவே முடியாத நிலை என்றால், எழுதிக் கேட்டும் செய்யாதபோது, 15 நாள் நோட்டீஸ் கொடுத்து விட்டுப் போகலாம்.

இன்னொன்று: 1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டம் 108(அ)படி, தனக்குத் தெரிந்த, பார்த்தால் தெரியாத குறையை உரிமையாளர் சொல்லியே ஆக வேண்டும். இங்கே ஏப்ரல், மே மாதத்தில் காய்ந்த சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்து வீடு காட்டுவது வழக்கம். முன்பு இருந்தவர் யார் என்று விசாரியுங்கள்.

கரணைமட்டம்:
அதுவரை பீரோவை சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைக்கவும், காய்ந்த பிரஷ் போட்டால் தூளாகப் பறக்கும். ப்ளீச்சிங் கரைசலோடு டாய்லெட் ஆசிட் கலக்கவே கூடாது. சுவரைக் காய வைக்கிறேன் என்று மூடிய அறையில் கரி நெருப்புச் சட்டி வைக்க வேண்டாம், அதிலிருந்து வரும் புகையில்லாத வாயு (கார்பன் மோனாக்சைடு) ஆளைத் தூக்கத்திலேயே முடித்துவிடும்.