சட்டகமா, பாரா? பித்தளைப் பந்தயச் சிறுகாரின் அடிப்பகுதிக்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கைவினைப் பொழுதுபோக்குகள் பற்றிய நூல் ஒன்றின் ஓர் இயலை மொழிபெயர்த்து வருகிறேன்; வரும் திங்கட்கிழமைக்குள் பதிப்பகத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். அமெரிக்காவில் 1960களின் பிற்பகுதியில் கையால் செய்யப்பட்ட, உண்மைக் காரில் 24இல் ஒரு பங்கு அளவுள்ள ஸ்லாட் கார் ஒன்றின் அடிப்பகுதியான சேசிஸைப் பிரித்துப் பழுது நீக்கி மாற்றியமைப்பதே அவ்வியலின் பொருள். இதை அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம் தருகிறேன். பந்தயத் தடத்தில் ஒவ்வொரு காருக்கும் காடி எனப்படும் நீண்ட பள்ளம் ஒன்று வெட்டப்பட்டிருக்கும். காரின் மூக்கடியில் உள்ள தகடு அந்தக் காடிக்குள் இறங்கி நிற்கும். காடியின் இருபுறமும் பதித்த செம்புப் பட்டைகளிலிருந்து மின்சாரம் மோட்டாருக்கு ஏறும். ஓட்டுபவர் கையில் இருப்பது வேகத்தைக் கூட்டவும் குறைக்கவுமான விசை மட்டுமே. திருப்பும் வேலை காடியுடையது. பிரிட்டனில் 1957இல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் வந்தது முதல் இது வீட்டு விளையாட்டாகப் பரவியது. பின்னர் அமெரிக்காவில் கட்டணம் செலுத்தி ஓட்டும் பெரிய தடங்கள் பெருகியபோது, கடையில் வாங்கிய கார் போதாது என்று கண்ட பந்தயக்காரர்கள் பித்தளைக் குழாய், பித்தளைத் தகடு, பியானோ கம்பி எனப்படும் எஃகுக் கம்பி ஆகியவற்றை ஈயத்தால் இணைத்துத் தாங்களே சேசிஸ் செய்யத் தொடங்கினார்கள்.

சட்டகம் என்று எழுதிவிடலாம் என்றுதான் நானும் தொடங்கினேன். மூன்றாம் பக்கத்திலேயே அச்சொல் இடித்தது. மோட்டாரையும் பின்னச்சையும் தாங்கும் நடுப்பகுதி, அதிலிருந்து முன்னோக்கி நீளும் கம்பிகள், அக்கம்பிகளின் இருமருங்கும் கீலில் தொங்கி ஆடும் தட்டுகள் ஆகிய எல்லாம் சேர்ந்ததே மூலத்தில் சேசிஸ் எனப்படுகிறது. காரின் மேற்கூடு அந்த ஆடும் தட்டுகளில்தான் மாட்டப்படுகிறது. மேற்கூட்டின் அதிர்வு நடுப்பகுதிக்குப் போய்க் காடியிலிருந்து மூக்கைத் தூக்கிவிடாமல் இருப்பதற்காகவே அந்த ஆட்டம் வைக்கப்பட்டிருக்கிறது. அசையாமல் நிற்பதைத்தான் நாம் சட்டகம் என்கிறோம். ஆடுவதற்கென்றே செய்த ஒன்றை அப்படி அழைக்கலாமா? முழுமைக்கு ஒரு சொல்லும், அதன் நெடுங்கம்பிகளுக்கு வேறொரு சொல்லும் எனக்கு வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

நீங்கள் தேடும் சொல் ஈராயிரம் ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரான உமணரின் வண்டியை உருத்திரங்கண்ணனார் உறுப்பு உறுப்பாகக் காட்டுமிடத்தில் "எழூஉப் புணர்ந்தன்ன பரூஉக்கை நோன்பார்" என்கிறார். எழு என்பது கோட்டைக் கதவைத் தாழிடும் கணையமரம். இரண்டு கணையமரங்களைச் சேர்த்து வைத்தாற்போல் பருத்த கைகளை உடைய வலிய பார் என்பது அதன் பொருள். இரு நெடுங்கைகள் இணையாக ஓட, அவற்றின் கீழ் அச்சு, அவற்றின் மேல் பாரம் என்ற அமைப்பைத்தானே நீங்கள் உங்கள் மடலில் விளக்கியிருக்கிறீர்கள்? மாட்டுவண்டித் தச்சர்களின் வாயில் இச்சொல் இன்றும் இருக்கிறது. எனவே முழுமைக்குப் பார் என்றும், நெடுங்கம்பிகளுக்குப் பார்க்கை என்றும் எழுதுங்கள். பரூஉக்கை என்று புலவரே கையைச் சொல்லியிருக்கிறார்.

புறநானூற்று 102ஆம் பாட்டில் ஔவையார் "கீழ்மரத்து யாத்த சேமஅச்சு" என்பதையும் நினைத்துப் பார்த்தேன். வழியில் அச்சு முறிந்தால் உதவுமென்று வண்டியின் கீழ்மரத்தில் கட்டிவைத்த மாற்றச்சை அதியமானின் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக்கும் அப்பாட்டில் கீழ்மரம் என்பதும் சேசிஸைத்தான் குறிக்கிறது. ஆனால் பித்தளையில் செய்ததை மரம் என்றால் படிப்பவர் மயங்குவர் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். சேமஅச்சு என்பதை மட்டும் விடாதீர்கள். பந்தயக்காரர் பெட்டியில் வைத்திருக்கும் மாற்று அச்சுக்கு அதைவிட நல்ல சொல் இல்லை.

கோவைப் பட்டறை உரிமையாளர் எழுதியது:

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் புலமைக்கு முன் நான் பேசத் தகுதியில்லாதவன் என்றாலும், தொழில் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லிலும் கரூரிலும் பாடி கட்ட வரும் லாரியை, கட்டுபவர்களும் ஓட்டுநர்களும் உரிமையாளர்களும் சேஸ் என்றுதான் சொல்கிறார்கள். இந்த இயலைப் படித்து வேலை செய்யப்போகிறவர் கையில் ஈயக்கோலைப் பிடித்திருப்பார். அந்த நேரத்தில் அவர் பாருக்குப் பொருள் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. பார் என்றால் இன்று பார்த்தல் என்ற ஏவல் வரும், உலகம் வரும், மதுக்கடையும் வரும். "பாரைப் பலகைமேல் வைத்துப் படிகிறதா என்று பார்" என்று ஒரு சொற்றொடரை எழுதிப் பார்த்தேன். எனக்கே இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. முழுமைக்குச் சேஸ் என்றே விட்டுவிட்டு, உறுப்புகளுக்குத் தமிழ் தேடுவோம். அங்கேதான் உண்மையான தேவை இருக்கிறது.

எடுத்துக்காட்டாக மோட்டார் வைக்கும் முறைகள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் தண்டு காரின் நீளவாக்கில் இருந்து, பின்னச்சோடு செங்கோணத்தில் பற்சக்கரம் கடிப்பது பழைய முறை. அதில் மோட்டார் முடுக்கும்போது எதிர்விசை காரை நீளவாக்கில் முறுக்கி, ஒருபக்கச் சக்கரத்தின் பிடியைக் குறைத்துவிடும். தண்டு அச்சுக்கு இணையாகப் படுத்திருப்பது இரண்டாம் முறை. இதில் அந்த முறுக்கல் இல்லை. ஆனால் இரு சக்கரங்களுக்கும் இடையில் மோட்டார் அடங்க வேண்டும். 1960களின் முடிவில் பந்தயங்களைப் பிடித்துக்கொண்டது மூன்றாவதான சாய்ந்த முறை. மோட்டாரைச் சற்றே திருகி வைத்தால் இடமும் கிடைக்கிறது, முறுக்கலும் பெருமளவு குறைகிறது. தச்சர் பேச்சிலேயே நெடுக்கு மோட்டார், குறுக்கு மோட்டார், சாய்மோட்டார் என்று வைத்தால் விளக்கமே தேவைப்படாது.

கோலாலம்பூர் உறுப்பினர் எழுதியது:

வணக்கம். நெடுக்கு, குறுக்கு, சாய் மூன்றையும் மனமார ஏற்கிறேன். ஆனால் தடத்தில் வெட்டிய பள்ளத்துக்குக் காடி என்று முதல் மடலிலேயே எழுதிவிட்டீர்கள். ஸ்லாட் காரையும் காடிக்கார் என்று ஆக்கிவிடுவீர்களோ என்று அஞ்சுகிறேன். மலேசியத் தமிழர் பேச்சில் காடி என்றாலே கார்தான். காடிக்கார் என்பதை இங்குள்ள பிள்ளைகள் கார்க்கார் என்றுதான் புரிந்துகொள்வார்கள். மரவேலையில் காடி என்பது பள்ளத்தைக் குறிக்கும் என்பதை மறுக்கவில்லை. தடத்தைப் பற்றிச் சொல்லும்போது அது இருக்கட்டும். காரின் பெயரில் மட்டும் வேண்டாம்.

யாப்பில் ஈடுபாடுடைய உறுப்பினர் எழுதியது:

நண்பர்களே, வணக்கம்.

சேசிஸ் என்பதே பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதன் வேர் பெட்டியைக் குறிக்கும் இலத்தீன் காப்சா என்பர். ஆங்கிலத்தில் சன்னலின் கண்ணாடிச் சட்டத்துக்கு வழங்கும் சாஷ் என்பதும் இதே சொல்லின் திரிபுதான். ஆகவே சன்னல் சட்டத்துக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் அவர்கள் ஒரே சொல்லைத்தான் நீட்டிக்கொண்டார்கள். தம்மொழியில் அவர்கள் செய்ததை நாம் சட்டம், சட்டகம் என்னும் சொற்களைக்கொண்டு செய்வதில் குறையில்லை. சட்டகம் என்பதற்கு உடல் என்ற பொருளும் பழைய அகராதிகளில் உண்டு. உடலின் உறுப்புகள் ஆடத்தானே செய்கின்றன?

ஆனால் என் கவலை வேறு. பற்றவைத்தல் என்னும் சொல்லை இவ்வியலில் நுழைய விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்று அது வெல்டிங்குக்கு உரியதாகிவிட்டது. இங்கே நடப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவையை உருக்கி ஒட்டுவது. அதன் பழந்தமிழ்ப் பெயர் பற்றாசு. பொற்கொல்லர் இரு துண்டுகளை இணைக்க இடையில் இட்டு உருக்கும் ஆசு அது. யாப்பு நூலாரும் அதைக் கண்டே, வெண்பாவின் முதல் ஈரடியாகிய முதற்குறட்பாவோடு தனிச்சொல் ஒட்டாமல் விட்டிசைக்கும்போது இடையில் ஓரசையோ ஈரசையோ இட்டு இணைப்பதை ஆசு என்றும், அவ்வெண்பாவை ஆசிடை நேரிசை வெண்பா என்றும் அழைத்தார்கள். அந்த ஆசு ஓரிரண்டு அசைக்கு மேல் போகக்கூடாது என்பது எவ்வளவு நுட்பமான விதி என்பதை இந்தப் பித்தளை வேலையைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். இணைப்பில் மிகுதியாக அப்பிய ஈயம் வலிமை தருவதில்லை, வேண்டாத எடையைத்தான் தருகிறது என்று கைவினைஞர்கள் சொல்கிறார்கள்.

கோவைப் பட்டறை உரிமையாளர் மீண்டும் எழுதியது:

ஐயா சொன்ன வேறுபாடு சொல்லுக்கு மட்டும் உரியதன்று, வேலைக்கும் உரியது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த கலவை 183 பாகை செல்சியஸில் உருகும். அந்தச் சூட்டில் பியானோ கம்பியின் சுருள்வில் தன்மை கெடாது. வெல்டிங் சூட்டில் கெட்டுவிடும். கம்பி வளைந்தால் வளைந்தபடியே நிற்கும், கார் குப்பைக்குப் போக வேண்டியதுதான். பற்றவைக்க என்று படித்த ஒரு பையன் தன் தாத்தா செய்த காரை வெல்டிங் கடைக்கு எடுத்துப்போனால் அந்தப் பழி நம்முடையது. ஆனால் பற்றாசு என்றால் அவன் எங்கும் போகமாட்டான், ஏனென்றால் அவனுக்குப் புரியாது. வானொலி பழுதுபார்ப்பவர்கள் ஈயம் வைப்பது என்கிறார்கள். அதையே எழுதுங்கள்.

இன்னொன்றையும் மொழிபெயர்ப்பில் விட்டுவிடாதீர்கள் அம்மா. எஃகுக் கம்பியில் ஈயம் பிடிப்பதற்கு அமிலக் களிம்பு தடவ வேண்டும். வேலை முடிந்ததும் சோடா மாவு கரைத்த நீரில் கழுவாவிட்டால் மறுநாளே கம்பியில் துரு பூத்துவிடும். பழைய கார்களின் இணைப்புகள் விட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சொற்களைத் தனித்தனியே வைத்துப் பார்ப்பதை விட ஒரு பத்தியில் ஓடவிட்டுப் பார்ப்போம் என்று நேற்றிரவு எழுதியதைக் கீழே தருகிறேன்.

"மோட்டாரையும் பின்னச்சையும் கழற்றியபின் சட்டகத்தைத் தடித்த கண்ணாடிப் பலகைமேல் வைத்து நான்கு மூலைகளும் படிகின்றனவா என்று காண்க. ஒரு மூலை தூக்கி நின்றால் பார்க்கம்பியைக் கையால் வளைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். வளைத்த கம்பி முதல் மோதலிலேயே பழைய நிலைக்குத் திரும்பும். அந்த மூலைக்கு அருகிலுள்ள இணைப்பின் ஈயத்தை உருக்குக. கம்பிக்குள் அடைபட்டிருந்த இழுவிசை அப்போது தளர்ந்து, சட்டகம் தானாகப் பலகையில் படியும். பிறகு ஈயத்தை ஆறவிடுக. பக்கத்து இணைப்புகள் உருகிவிடாமல் அவற்றின்மேல் முன்னதாகவே ஈரத்துணி சுற்றுக. நெடுக்கு மோட்டாரைச் சாய்மோட்டாராக மாற்ற விரும்புவோர், மோட்டார் தாங்கியை அறுத்து எடுப்பதற்கு முன் இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும். கோணிய சட்டகத்தில் எந்தக் கோணத்தையும் அளக்க முடியாது."

முழுமைக்குச் சட்டகம் என்பதையும் நெடுங்கம்பிக்குப் பார்க்கம்பி என்பதையும் இங்கே ஏற்றிருக்கிறேன். உறுப்பின் பெயராக வரும்போது பார் மயக்கம் தரவில்லை. கம்பி என்ற சொல் அதைப் பிடித்துக்கொள்கிறது. காரை ஸ்லாட் கார் என்றே விட்டுவிட்டேன். ஆடும் தட்டுக்கு இன்னும் சொல் இல்லை. மிதவைத் தட்டு என்றும் தொங்குதட்டு என்றும் இருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

அன்புள்ள அம்மா,

உங்கள் பத்தி தெளிவாக இருக்கிறது, அச்சுக்குப் போகட்டும். ஆனாலும் பெரும்பான்மையோடு நான் உடன்படவில்லை என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன். பார்க்கம்பி என்று உறுப்பில் நுழைந்த சொல்லை முழுமைக்கு மறுப்பது, கையை ஏற்று உடலை மறுப்பது போன்றது. சட்டகம் உங்கள் முதல் ஐயத்துக்கு விடை சொல்லவில்லை. ஆடும் தட்டுகள் சட்டகத்தின் பகுதியா, சட்டகத்தில் தொங்கும் வேறு பொருளா என்பது உங்கள் பத்தியிலும் தெளிவாகவில்லை. பழைய வண்டியில் பாரும் அச்சும் சக்கரமும் தத்தம் ஆட்டத்தோடுதான் இணைந்திருந்தன. அடுத்த பதிப்பு வரும்போது இதே கேள்வியோடு மீண்டும் எழுதுவேன்.

பட்டறை உரிமையாளர் எழுதியது:

மிதவை என்றால் நீரில் மிதப்பது என்று தோன்றுகிறது. அந்தத் தட்டு மிதப்பதில்லை. ஒருபக்கம் கீலில் பிடித்து, மறுபக்கம் அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்கிக்கொடுக்கும், அவ்வளவுதான். எனவே நான் தொங்குதட்டு என்றே சொல்வேன், ஆனால் அது கீழே தொங்குவதுபோல் படிப்பவருக்குத் தோன்றாமல் ஒரு வரி விளக்கம் வேண்டும். யாருக்காவது இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் ஞாயிறு மாலைக்குள் அம்மாவுக்கு எழுதிவிடுங்கள்.