புதுப்பிப்பு: கார் அடியில் துரு, பழைய கோட்டிங்கைச் சுரண்டிப் பார்த்தாச்சு

காரின் அடியில் கறுப்பு ரப்பர் கோட்டிங் அங்கங்கே உப்பியிருக்கிறது, அதன் மேலேயே இன்னொரு கோட் அடித்துவிடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். "அடிக்காதீங்க, முதல்ல சுரண்டிப் பாருங்க" என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், தயவுசெய்து), உப்பிய இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்தேன். கோட்டிங் தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே ஈரம், தகடு அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. சின்ன விரிசல் வழியே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கியிருக்கிறது.

பெரும்பாலும் மேல்துருதான். கம்பி பிரஷ்ஷால் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, தின்னரால் துடைத்து, எபாக்ஸி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) இரண்டு கோட். காய்ந்தபின் மேல்கோட்டிங். சைலன்சரிலும் பிரேக்கிலும் படாமல் மூடிவைத்தேன்.

ஜாக்கி வைக்கும் இடத்தருகே மட்டும் ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கிவிட்டது. மனசு கனத்துப்போனது. அங்கே பட்டி பூசி மறைக்கவே கூடாது; அது எடை தாங்கும் பகுதி. அழுகியதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்கக் கொடுத்திருக்கிறேன். வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பெயிண்ட் கருகிவிடும் என்பதால், முடிந்ததும் உள்ளே மெழுகு ஸ்ப்ரே அடிக்க வேண்டும்.

இன்னொன்று: கதவுக்குக் கீழே உள்ள வடிகால் துளைகள் சேற்றால் அடைத்திருந்தன. கம்பியால் குத்தியதும் பழுப்புத் தண்ணீர் வடிந்தது. உங்கள் வண்டியிலும் இன்றே பாருங்கள்.