பாண்ட்ஸை உள்ள விடலாமா? நம்ம எட்டு பேர் பேலட் (வோட்டுச்சீட்டு)

பிளேட்டுக்கு_பின்னாடி:
அமெரிக்க பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்குள்ள பெல்ட்ரானும் ஆன்ட்ரூ ஜோன்ஸும் ஜனவரில போயாச்சு, டிசம்பர்ல கமிட்டி வழியா ஜெஃப் கென்ட்டும் போயாச்சு, இன்னும் வாசல்லயே நிக்கிறது யாருன்னு பாத்தா 762 ஹோம்ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்ச பேரி பாண்ட்ஸ். வாட்ஸாப்ல ரெண்டு வாரமா இதே சண்டை, நேத்து ரெண்டு பேர் குரூப்பை விட்டே போயிட்டாங்க. அதனால இங்க ஒழுங்கா ஒரு வோட்டு எடுப்போம். எட்டு பேர் பேர் குடுத்திருக்கீங்க. நிஜத்துல இருக்குற மாதிரியே 75 சதவீதம் வேணும், அதாவது 6 வோட்டு. ஆளுக்கு அஞ்சு பேர் வரைக்கும் எழுதலாம், ரிட்டயர் ஆகி இன்னும் கூப்பர்ஸ்டவுன்ல இருக்குற அந்த ஹால் சுவத்துல பலகை ஏறாத யாரா இருந்தாலும் சரி. ஆனா காரணம் சொல்லணும், சும்மா பேரை போட்டுட்டு ஓடக்கூடாது.

ஒராக்கிள்பார்க்_பாலா:
முதல் பேரு பாண்ட்ஸ், ரெண்டாவது பேரும் பாண்ட்ஸ். 7 எம்விபி (வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர் விருது), வேற எவனும் 4 கூட வாங்கினதில்ல அப்போ. ஸ்டெராய்டு, ஊக்கமருந்துன்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி 1998 வரைக்கும் உள்ள கணக்க மட்டும் எடுங்க, 3 எம்விபி, 8 கோல்ட் கிளவ் (ஃபீல்டிங் விருது), 400 ஹோம்ரனும் 400 ஸ்டீலும் (அடுத்த பேஸுக்கு திருட்டுத்தனமா ஓடுறது) ரெண்டையும் தொட்ட ஒரே ஆளு, அந்த லிஸ்ட்ல இன்னிக்கு வரைக்கும் ரெண்டாவது பேரு கிடையாது. அந்த வருஷம் மே மாசம் அரிசோனா கூட ஒரு மேட்ச், ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெண்டு அவுட், 8-6னு அவங்க லீட்ல இருக்காங்க, மூணு பேஸ்லயும் ஆள் நிக்குது, பாண்ட்ஸ் பேட் புடிச்சு வர்றான். அவங்க மேனேஜர் ஷோவால்டர் என்ன பண்ணாரு தெரியுமா, வேணும்னே வாக் குடுத்தாரு, அதாவது அடிக்கவே விடாம முதல் பேஸுக்கு சும்மா அனுப்பிட்டாரு! ஒரு ரன்ன சும்மா தூக்கிக் குடுத்து 8-7 ஆக்கிட்டு அடுத்தவனை அவுட் பண்ணி ஜெயிச்சாங்க. இதுக்கு மேல ஒரு ஆட்டக்காரனுக்கு எதிராளி என்ன சர்ட்டிபிகேட் குடுக்கணும்?

கிரிக்கெட்_தாத்தா:
தம்பி, நான் மருமகன் வீட்டுக்கு வந்து மூணு வருஷமாத்தான் இந்த ஆட்டம் பாக்குறேன், தப்பா கேட்டா கோச்சுக்காதீங்க. இவ்வளவு அடிச்சவனை யாரு வேண்டாம்னது?

பிளேட்டுக்கு_பின்னாடி:
பேஸ்பால் எழுத்தாளர் சங்கம்தான் தாத்தா. பத்து வருஷமாவது ஆடியிருக்கணும், ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷம் ஆகணும், அப்புறம் பேலட்ல பேர் வரும். 5 சதவீதத்துக்கு கீழ போனா உடனே வெளிய, இல்லன்னா பத்து வருஷம் வரைக்கும் இருக்கலாம். பாண்ட்ஸ் பத்தாவது வருஷம், 2022ல, 66 சதவீதத்தோட முடிஞ்சாரு. அதே ஊக்கமருந்து சந்தேகத்துல சிக்கின பந்து வீச்சாளர் கிளெமென்ஸ் 65.2. அதுக்கப்புறம் 16 பேர் கமிட்டி ஒண்ணு இருக்கு, அதுல 12 வேணும். போன டிசம்பர்ல அங்க பாண்ட்ஸுக்கு 5 கூட விழல. அதே கமிட்டி அவரோட பழைய ஜயண்ட்ஸ் டீம்மேட் கென்ட்டுக்கு 14 குடுத்துச்சு. 2002ல ரெண்டு பேரும் டக்அவுட்டுக்குள்ளயே தள்ளுமுள்ளு போட்டவங்க, அது வேற கதை.

கீதா_பாஸ்டன்:
பாலா சொன்ன 1998 வரைக்கும் கணக்கு ஓகே, நான் ஒத்துக்கிறேன். ஆனா வோட்டு போடறது பாதி கேரியருக்கு இல்ல. 2000 வரைக்கும் ஒரே சீசன்ல அவர் அடிச்ச அதிகபட்சம் 49. அடுத்த வருஷம், 37 வயசு ஆகுற வருஷம், 73. அந்த வருஷத்துல இருந்து வரிசையா நாலு எம்விபி, 2004ல 232 வாக், அதுல 120 வேணும்னே குடுத்தது, ஆன்-பேஸ் .609, அதாவது நூத்துக்கு 61 தடவை அவுட் ஆகாம பேஸ் ஏறிட்டாரு. எந்த மனுஷன் 40 வயசுல தன்னோட 28 வயசை விட நல்லா ஆடுவான் சொல்லுங்க. பால்கோ (ஸ்டெராய்டு சப்ளை பண்ணின கம்பெனி) கேஸ்ல கிராண்ட் ஜூரி முன்னாடி போய் அது என்ன க்ரீம்னு எனக்கு தெரியாதுன்னாரு, நாம நம்பணுமாம். என் வோட்டு கிடையாது.

ஒராக்கிள்பார்க்_பாலா:
கீதாக்கா நீங்க பாஸ்டன்காரங்க இத பேசறதுதான் காமெடி. அதே 2022 பேலட்ல உங்க டீம் பேட்டர் ஆர்ட்டிஸ் முதல் வருஷமே 77.9 வாங்கி உள்ள போனாரு. 2003 ஊக்கமருந்து டெஸ்ட் லிஸ்ட்ல அவர் பேர் இருக்குன்னு 2009லயே நியூயார்க் டைம்ஸ்ல வந்துச்சே, அது என்ன கணக்கு?

கீதா_பாஸ்டன்:
அது பேர் வெளிய சொல்ல மாட்டோம்னு எடுத்த டெஸ்ட், அந்த ரிசல்ட் சிலதுலயே சந்தேகம் இருக்குன்னு கமிஷனர் மேன்ஃபிரெடே சொல்லியிருக்காரு. 2004ல இருந்து தண்டனையோட டெஸ்ட் வந்த பிறகு ஆர்ட்டிஸ் ஒரு தடவை கூட மாட்டல.

ஒராக்கிள்பார்க்_பாலா:
அந்த டெஸ்ட்ல பாண்ட்ஸும் ஸ்டெராய்டுக்கு மாட்டலையே!! லீக் அவரை ஒரு நாள் கூட சஸ்பெண்ட் பண்ணல. 2011ல அவருக்கு எதிரா கோர்ட்ல வந்த தீர்ப்பும் 2015ல ரத்தாச்சு. சிரிச்சுக்கிட்டே நல்லா பேசினா மன்னிப்பு, பத்திரிகைக்காரன்கிட்ட மூஞ்சிய காட்டினா பாவி, அவ்வளவுதான் வித்தியாசம்.

கீதா_பாஸ்டன்:
அந்த கடைசி வரில கொஞ்சம் உண்மை இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனாலும் வோட்டு கிடையாது 😀

குட்டி_சாம்பார்:
பாப்கார்ன் எடுத்துட்டு வந்துட்டேன், தொடருங்க. அப்படியே பட் சீலிக்கையும் சேத்துக்கங்க. 1994ல ஆட்டக்காரங்க ஸ்ட்ரைக், சீசன் ஃபைனலான வேர்ல்ட் சீரிஸே நடக்கல, ஜனங்க வெறுத்துப் போய்ட்டாங்க. 1998ல மெக்வயர் 70, சோசா 66னு ஹோம்ரன் அடிச்சதும் கூட்டம் திரும்பி வந்துச்சு, கல்லா நிறைஞ்சுச்சு. அப்போ கமிஷனர் சீலிக், ஸ்டெராய்டைப் பாக்காம கண்ண மூடிக்கிட்டு இருந்தாரு. அந்த ரெண்டு பேரும் இன்னும் வெளிய. சீலிக் 2017ல உள்ள. கடைக்காரன் ஊர்ப்பெரிய மனுஷன், சரக்கு வித்த பையன் மட்டும் திருடனாம்.

கிரிக்கெட்_தாத்தா:
எங்க ஆட்டத்துல ஷேன் வார்ன் 2003 உலகக் கோப்பைக்கு முன்னாடி மாத்திரை விஷயத்துல மாட்டி ஒரு வருஷம் வெளிய உக்காந்தான். 2013ல ஐசிசி ஹால் ஆஃப் ஃபேம்ல வச்சாங்க, ஒருத்தரும் முணுமுணுக்கல. பந்து திரும்பினது திரும்பினதுதானேப்பா. இந்தப் பையன் அடிச்சதும் அடிச்சதுதான். என் வோட்டு பாண்ட்ஸுக்கு.

டொரொண்டோ_சுதன்:
தாத்தா, வார்ன் பிடிபட்டார், தண்டனைய அனுபவிச்சார், பிறகு வந்து விளையாடினார். கணக்கு முடிஞ்சுது. இங்க கணக்கே முடியேல்ல. எல்லாரும் பாண்ட்ஸுக்கு நடந்த அநியாயத்தப் பற்றியே கதைக்கிறீங்கள், ஊக்கமருந்து பாவிச்ச ஆக்களால ஆருக்கு என்ன போச்சுதெண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. எங்கட கார்லோஸ் டெல்காடோ 2003ல 42 ஹோம்ரன், 145 ஆர்பிஐ (தன்ர அடியால உள்ள வந்த ரன்), செப்டம்பர்ல டாம்பாவுக்கு எதிரா ஒரே மேட்சில நாலு ஹோம்ரன். அந்த வருஷ எம்விபில ரெண்டாமிடம். முதலாமிடம் ஆர் தெரியுமோ? ஏ-ராட், அலெக்ஸ் ரொட்ரிகஸ். 2001ல இருந்து 2003 வரைக்கும் ஊக்கமருந்து பாவிச்சனான் எண்டு 2009ல தன்ர வாயாலயே சொன்ன அதே ஏ-ராட். டெல்காடோ மொத்தம் 473 அடிச்சவர், 2015ல பேலட்டில வந்த முதல் வருஷமே 3.8 சதவீதத்தோட தூக்கி எறிஞ்சினம். கையில ஒரு எம்விபி இருந்திருந்தா அப்படி எறிஞ்சிருப்பினமோ? எனக்கு பாண்ட்ஸ் வேண்டாம், டெல்காடோ வேணும். போன டிசம்பர்ல கமிட்டியில 9 எடுத்தவர், இன்னும் மூண்டுதான் தேவை.

பிளேட்டுக்கு_பின்னாடி:
சுதன், இந்த ஏ-ராட் கோணத்துல நான் யோசிச்சதே இல்ல.

ஹூஸ்டன்_ரவி:
ஹூஸ்டன்காரன் நான் ஒழுக்கத்த பத்தி வாயத் தொறந்தா எல்லாரும் குப்பைத்தொட்டிய தட்டுவீங்கன்னு தெரியும், தட்டுங்க. ஆனா பாருங்க, 2017ல எங்க டீம் எதிரணி சைகையைத் திருடி, குப்பைத்தொட்டிய தட்டி பேட்டருக்கு சொன்ன விஷயத்துல கமிஷனர் ரிப்போர்ட்ல பேர் வந்த ஒரே ஆட்டக்காரர் பெல்ட்ரான், மெட்ஸ் மேனேஜர் வேலை ஒரு மேட்ச் கூட நடத்தாம போச்சு, நாலாவது வருஷம் இப்போ உள்ள போயாச்சு. எச்சிலை தடவி பந்து போட்ட கேலார்ட் பெர்ரி 1991லயே உள்ள, அதையும் அந்த மனுஷனே பெருமையா எழுதியிருக்காரு. ஆம்பெட்டமைன்ங்கிற உற்சாக மாத்திரைக்கு டெஸ்டே 2006லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஆடினவங்க எல்லாம் இளநி குடிச்சிட்டா ஆடினாங்க? கறுப்பர் கூட ஆட மாட்டேன்னு அடம் புடிச்ச கேப் ஆன்சன் 1939ல இருந்து அங்க தொங்குறாரு. கோயில் கோயில்னு சொல்றீங்க, அது மியூசியம். பாண்ட்ஸ் எஸ்.

பிளேட்டுக்கு_பின்னாடி:
மியூசியம்னதும் ஞாபகம் வருது. நியூஜெர்சில இருந்து நாலு மணி நேரம் ஓட்டிக்கிட்டு போனேன் கூப்பர்ஸ்டவுனுக்கு, ஒரே ஒரு டிராஃபிக் சிக்னல் இருக்குற ஊரு. பாண்ட்ஸ் 2007ல ஹேங்க் ஆரோனோட பழைய ரெக்கார்டைத் தாண்டி அடிச்ச 756வது ஹோம்ரன் பந்து அந்த மியூசியத்துக்கிட்டதான் இருக்கு. ஒரு ஃபேஷன் டிசைனர் ஏழரை லட்சம் டாலருக்கு ஏலத்துல எடுத்து, நெட்ல ஜனங்கள வோட்டு போட வச்சு, இந்த ரெக்கார்டு சந்தேகம்னு அர்த்தம் வர்ற நட்சத்திரக் குறிய அதுல போட்டு மியூசியத்துக்கு குடுத்துட்டான். பந்து உள்ள, குறியும் உள்ள, அடிச்சவன் வெளிய. அந்த வெண்கலப் பலகை ஹால்ல நடந்தா 1936ல எடுத்த முதல் அஞ்சு பேரு, காப், ரூத், வாக்னர், மேத்யூசன், ஜான்சன்னு ஆரம்பிச்சு போய்க்கிட்டே இருக்கும், அதிகமா ஹோம்ரன் அடிச்சவனைத் தேடினா ஆள் இல்ல. எனக்கு அது குறையாத்தான் பட்டுச்சு. எஸ்.

டைகர்ஸ்_முரளி:
எப்பா பாண்ட்ஸ் பாண்ட்ஸ்னு 15 போஸ்ட் ஓடிருச்சு. அந்தாளை உலகத்துக்கே தெரியும், பலகை இல்லாட்டி என்ன கெட்டுப்போச்சு? நான் லூ விட்டேக்கர் பத்தி பேசறேன், பாதிப்பேருக்கு பேரே தெரியாது. டெட்ராய்ட் டைகர்ஸ்ல செகண்ட் பேஸ் ஃபீல்டர். அலன் டிராம்மல் ஷார்ட்ஸ்டாப். ரெண்டு பேரும் 1977 செப்டம்பர்ல ஒரே நாள்ல முதல் மேட்ச், 19 சீசன் பக்கத்துல பக்கத்துல நின்னாங்க, 1984ல சேர்ந்தே வேர்ல்ட் சீரிஸ். டிராம்மல் 2365 ஹிட், லூ 2369. டிராம்மல் 185 ஹோம்ரன், லூ 244. டிராம்மல் 15 வருஷம் பேலட்ல இருந்து அப்புறம் கமிட்டி வழியா 2018ல உள்ள போனாரு, சந்தோஷம். லூ? 2001ல ஒரே வருஷம், 15 வோட்டு, 2.9 சதவீதம், போ வெளியன்னுட்டாங்க. இரட்டை மாட்டு வண்டில ஒரு மாட்டுக்கு மட்டும் மாலை போட்ட கதை.

ஹூஸ்டன்_ரவி:
முரளிண்ணே, எம்விபி ஒண்ணு கூட இல்லையே. 19 வருஷம் சத்தமில்லாம ஆடினா போதுமா? ஹால் ஆஃப் ஃபேம்னா ஃபேம் வேண்டாமா?

டைகர்ஸ்_முரளி:
சத்தமில்லாம ஆடினதுதான் குத்தம்னா அப்படியே இருக்கட்டும். வார்னு ஒரு கணக்கு இருக்குல்ல (தாத்தா, ஷேன் வார்ன் இல்ல 😀), அந்த எடத்துல ஒரு சுமாரான மாத்து ஆள் ஆடியிருந்தா வந்திருக்குறதை விட இவனால எத்தனை ஜெயம் கூடுதல்னு பாக்குறது. அதுல லூ 75 பக்கம், டிராம்மலை விட மேல. ஹெரால்ட் பெயின்ஸ் 40 கூட தொடல, அவரோட பழைய மேனேஜரும் பழைய ஓனரும் கமிட்டில உக்காந்திருந்தாங்க, 12 வோட்டு வாங்கி உள்ள போயிட்டாரு. ஃபேம் வேணும்னா இதக் கேளுங்க: 1985 ஆல்-ஸ்டார் மேட்சுக்கு மினியாபொலிஸ் போனவரு ஜெர்சிய மறந்துட்டாரு. ஸ்டேடியம் கடைல ரசிகர்களுக்கு விக்கிற டெட்ராய்ட் ஜெர்சி ஒண்ண வாங்கி, முதுகுல மார்க்கர் பேனாவால 1ன்னு எழுதிக்கிட்டு ஆடினாரு. அந்த சட்டை இப்போ ஸ்மித்சோனியன் மியூசியத்துக்கிட்ட இருக்கு. சட்டைக்கு இருக்குற மரியாதை ஆளுக்கு இல்ல.

கீதா_பாஸ்டன்:
ஐயோ அந்த மார்க்கர் ஜெர்சி! இதுக்காகவே போடலாம். லூவுக்கு என் வோட்டு, டெல்காடோவுக்கும்.

ஒராக்கிள்பார்க்_பாலா:
முரளி ஒரு டீல். நான் விட்டேக்கருக்கு போடுறேன், நீ பாண்ட்ஸுக்கு போடு.

டைகர்ஸ்_முரளி:
பெயின்ஸ் கமிட்டி மாதிரியா? சரி பாப்போம்.

குட்டி_சாம்பார்:
என் லிஸ்ட்: பாண்ட்ஸ், பீட் ரோஸ். 4256 ஹிட். சூதாடினது தப்பு, மேனேஜரா இருந்துக்கிட்டு சொந்த டீம் மேலயே பந்தயம் கட்டினது பெரிய தப்பு, 1989ல ஆயுள் தடைன்னாங்க. 2024ல செத்தாரு, 2025 மே மாசம் தடைய எடுத்தாங்க. ஆயுள் முடிஞ்சா தடை முடிஞ்சுதாம், என்ன ஒரு தாராள மனசு. விட்டேக்கர் எனக்கு தெரியாது, தெரியாதவருக்கு போட மாட்டேன்.

பிளேட்டுக்கு_பின்னாடி:
நேரம் முடிஞ்சுது, எட்டு பேலட்டும் வந்தாச்சு. ரோஸ் 3. டெல்காடோ 4, சுதன் மன்னிக்கணும். பாண்ட்ஸ் 5, அதாவது 62.5 சதவீதம், நிஜத்துல வாங்கினதை விட கம்மி 😀. லூ விட்டேக்கர் 6. சரியா 75. உள்ள!

டொரொண்டோ_சுதன்:
9ல இருந்து 12க்கு வர எண்டாலும் நாள் எடுக்கும்தானே. நான் காத்திருப்பன்.

ஒராக்கிள்பார்க்_பாலா:
முரளி!!! பேச்சு என்னாச்சு? உன் ஒரு வோட்டு விழுந்திருந்தா பாண்ட்ஸும் 6. நான் சொன்னபடி லூவுக்கு போட்டேன்ல, நான் போடலேன்னா அவருக்கும் 5தானே.

டைகர்ஸ்_முரளி:
பாலா, போடக்கூடாதுன்னு நினைக்கல, சத்தியமா. பேர டைப் பண்ணிட்டேன். அப்புறம் லூ பேலட்ல வந்தது 2001 ஜனவரின்னு ஞாபகம் வந்துச்சு. 70, 66ன்னு பாத்துப் பாத்து அந்த எழுத்தாளருங்க கண்ணெல்லாம் பழகிப் போயிருந்த நேரம், அந்தக் கண்ணுக்கு செகண்ட் பேஸ்ல நின்ன ஒருத்தனோட 244 ஹோம்ரன் என்னத்த தெரியும்? 15 பேருக்குத்தான் தெரிஞ்சுது. அத நினைச்சதும் கை வரல, அழிச்சிட்டேன்.

ஒராக்கிள்பார்க்_பாலா:
இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல. சரி அட்மின், என் விட்டேக்கர் வோட்டை திருப்பிக் குடுங்க.

பிளேட்டுக்கு_பின்னாடி:
பேலட் பூட்டியாச்சு பாலா.