சக்திவாய்ந்த காருக்கு விலைக்கேற்ற டயர்: கொழும்பில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை

வெள்ளவத்தை – சுபாரு இம்பிரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ்., 2006

வணக்கம். கடந்த ஒக்டோபரில், மாலை மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், பேஸ்லைன் வீதியில் தெமட்டகொடையிலிருந்து பொரளைப் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். வேகம் ஐம்பதைத் தாண்டியிருக்காது. விளக்கு மஞ்சளானதும் முன்னால் சென்ற முச்சக்கரவண்டி நின்றது. நானும் பிறேக்கை அழுத்தினேன். சில்லு இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். காலடியில் கடகடத்ததே ஒழியக் கார் நிற்கவில்லை. இடப்பக்கமாக வளைத்து, நடைபாதையை ஒட்டி, அந்த வண்டியின் பின்சில்லுக்கு ஒரு முழ இடைவெளியில் ஒருவாறு நிறுத்தினேன். அதன் சாரதி இறங்கி வந்து என் காரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, ஓடத் தெரிந்த வாகனத்துக்கு நிற்கத் தெரியாதா என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு வாய் எழவில்லை.

மறுநாள் கராஜில் அளந்து பார்த்தபோது நான்கு டயர்களிலும் 5 மில்லிமீற்றர் தவாளிப்பு, அதாவது நீரை விலக்கும் பள்ளங்களின் ஆழம், மிச்சமிருந்தது. தேய்மான அடையாளம் 1.6 மில்லிமீற்றரில்தான் இருக்கிறது என்பதால், கண்ணுக்கு அவை நல்ல டயர்களே. அந்த டயர்களை நான் 2021 தொடக்கத்தில் வாங்கியிருந்தேன். வாகன இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடையில் எங்களுடையதைப் போன்ற கார்கள் கைமாறிக் கைமாறி ஓடினவே தவிர எண்ணிக்கையில் கூடவில்லை. கேட்பவர் குறைவான அளவுகளைக் கடைக்காரர் எப்போதாவதுதான் வருவிப்பார். வருவித்தது விற்கும்வரை அடுக்கிலேயே கிடக்கும். பக்கச்சுவரில் நான்கு இலக்கமாகப் பொறித்திருக்கும் உற்பத்திக் குறியை அன்றுதான் முதன்முதலாக வாசித்தேன்: 3618. அதாவது 2018 ஆம் ஆண்டின் 36 ஆவது வாரம். புதிது என்று நான் வாங்கிய நாளிலேயே அவற்றுக்கு இரண்டு வயது கடந்திருந்தது. பொரளையில் வழுக்கிய அன்று ஏழு வயது. இந்த ஊர் வெயிலில் ஏழாண்டு காய்ந்த இறப்பர், நனைந்த தாரைப் பற்றிக்கொள்ளும் அளவுக்கு மென்மையாக இருக்க முடியாது.

வாங்கும்போது என்னை மயக்கியது பக்கச்சுவரில் இருந்த 500 என்ற தேய்மான எண். அதிகம் ஓடும், ஆகவே மலிவு என்று கணக்குப் போட்டேன். அந்த எண் அமெரிக்க அரசின் தரக் குறியீட்டைச் சேர்ந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் பொதுவீதிகளில் 7,200 மைல் ஓட்டி, 100 என்று வைத்துக்கொண்ட ஒப்பீட்டு டயரின் தேய்மானத்தோடு ஒத்துப் பார்த்து இடப்படுவது அது. ஆனால் எண்ணை இடுபவர் டயரைச் செய்தவரே. ஆகவே ஒரு நிறுவனத்தின் 400 ஐயும் இன்னொரு நிறுவனத்தின் 400 ஐயும் ஒரே தராசில் வைக்க இயலாது. அதன் அருகிலேயே ஏ.ஏ., ஏ, பி, சி என்று இன்னோர் எழுத்து இருக்கும். ஈரத் தரையில் நேராகப் பிறேக் பிடிப்பதைக் காட்டும் குறி அது. அதை நான் பார்க்கவேயில்லை.

இப்போது மாற்ற வேண்டும். அளவு 215/45 ஆர் 17: அகலம் 215 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அதில் 45 வீதம், றிம் 17 அங்குலம். நான்கு சில்லுகளும் இழுக்கும் கார் என்பதால் இரண்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கும் வழி எனக்கில்லை. தவாளிப்பில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தால் விட்டத்தில் இரண்டு, சுற்றளவில் ஆறுக்கு மேல் என்று ஆகிவிடுகிறது. சுபாரு அனுமதிக்கும் வித்தியாசமோ சுற்றளவில் கால் அங்குலம், ஏறத்தாழ 6 மில்லிமீற்றர். அதற்கு மேல் போனால், முன் பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரன்ஷல் ஓயாமல் வழுக்கிச் சூடேறும். டயரில் மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பல மடங்கை அங்கே கொட்ட வேண்டிவரும்.

இதுவரை மூன்று கடைகள் ஏறி இறங்கிவிட்டேன். ஒருவர் 225 போடுங்கள், பிடிப்புக் கூடும் என்றார். இன்னொருவரிடம் உற்பத்தித் திகதியைக் கேட்டபோது, “இது புதுச் சரக்கு, தம்பி, போன மாதம்தான் வந்தது” என்றார். கடைக்கு வந்த மாதத்தை யார் கேட்டது? முழுக் குறி பெரும்பாலும் ஒரு பக்கச்சுவரில் மட்டுமே இருக்கும் என்பதையும், அவர் அடுக்கில் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்திருந்தது என்பதையும் பிறகுதான் உணர்ந்தேன். உங்கள் அனுபவங்களைப் பகிர்ந்தால் நான்காவது கடைக்குள் சற்றுத் தெளிவோடு நுழைவேன்.

கொட்டாஞ்சேனை – மஸ்டா ஆர்.எக்ஸ்-8

அண்ணா, பிறர் பாவித்துக் கழற்றிய டயரை நான் வாங்கிய கதையைச் சொல்கிறேன். என் காருக்கு 225/45 ஆர் 18 வேண்டும். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ஐத் தாண்டியபோது, புதிய டயரின் விலையைக் கேட்டுவிட்டுக் கடையிலிருந்து பேசாமல் திரும்பி வந்தவன் நான். அதன்பின், பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். அங்கே நெடுங்காலமாக வியாபாரம் செய்யும் ஒரு நானா, ஜப்பானில் கழற்றிய டயர்களை எனக்கு நிதானமாகக் காட்டினார். பெருவிரல் நகத்தைத் தவாளிப்புக் கட்டையில் அழுத்திப் பார்க்கச் சொன்னார். பக்கச்சுவரை மடக்கி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்பதுபோல இரண்டை அவரே ஒதுக்கிவைத்தார். புதியதன் மூன்றிலொரு பங்கு விலைக்கு அவரிடம் எடுத்த சோடி, குறையேதுமின்றி ஒன்றரை ஆண்டு ஓடியது.

அடுத்த சோடியை வேறோர் இடத்தில், அவசரத்தில் வாங்கினேன். வெளியே ஒரு குறையும் தெரியவில்லை. பெலன்சிங் செய்யும் இடத்தில் றிம்மில் ஏற்றுவதற்கு முன்பு அந்தப் பையன் உட்புறத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். தோள்பட்டைப் பகுதியில், பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், உள்ளிருந்து ஒட்டுப் போட்டிருந்தது. ஓடும்போது அதிகம் வளையும் இடம் அது. அங்கே ஒட்டுப் போடவே கூடாது. கொழும்புக்குள் நாற்பதில் ஓடினால் ஒருவேளை தாங்கியிருக்கும்; கொட்டாவையில் அதிவேகப் பாதைக்கு ஏறி நூறில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க நான் விரும்பவில்லை. பணம் திரும்பி வரவில்லை. பாவித்த டயர் வாங்குவதென்றால் உட்புறத்தைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். உங்கள் காருக்கோ தேய்மானம் ஒத்த நான்கு வேண்டும். அப்படி நான்கு ஒருசேரக் கிடைப்பது அபூர்வம் என்பதால் இந்த வழி உங்களுக்குச் சரிவராது என்றே நினைக்கிறேன்.

நாவல – டொயோட்டா 86

என் காருக்கும் அதே 215/45 ஆர் 17 தான். தொழிற்சாலையிலிருந்து இது மிஷெலின் பிரைமசி எச்.பி. டயரோடு வந்தது, பிரியஸுக்கும் போட்ட டயர் என்று உலகெங்கும் கேலி பேசினார்கள். நானும் அந்தக் கேலியை நம்பி, தேய்மான எண் 200 உள்ள, பந்தயத் திடலுக்கே பொருத்தமான ஒட்டும் டயர்களைப் போட்டேன். பதினோராயிரம் கிலோமீற்றரில் அவை தீர்ந்தன. தீர்வதற்கு முன்பே எனக்குச் சலித்துவிட்டது: குறைந்த வேகத்தில் வாலை ஆட்டி விளையாடுவதற்கென்றே செய்யப்பட்ட கார், தண்டவாளத்தில் வைத்ததுபோல ஆகிவிட்டது. கட்டுக்குருந்தப் பந்தயத் திடலுக்கு ஆண்டில் இரண்டு தடவை போகிறவருக்கு அப்படிப்பட்ட டயரில் பொருள் இருக்கலாம். காலி வீதி நெரிசலில் ஊர்கிறவருக்கு அது வீண்செலவு. தேங்கிய நீரைக் கண்டால் முதலில் மிதப்பதும் தவாளிப்புக் குறைவான அத்தகைய டயரே.

இராஜகிரிய – மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் 9

225 போடச் சொன்ன கடைக்காரருக்குப் பதில். 215/45 இன் விட்டம் ஏறத்தாழ 625 மில்லிமீற்றர், 225/45 இன் விட்டம் 634. வித்தியாசம் ஒன்றரை வீதத்துக்குள் என்பதால் வேகமானி பெரிதாகப் பொய் சொல்லாது. றிம்மின் அகலம் இடங்கொடுத்தால் போடவும் முடியும். ஆனால் போடுவதால் மழையில் என்ன கிடைக்கும்? அகலம் கூடக்கூட ஒவ்வொரு சுற்றிலும் அதிக நீரை விலக்க வேண்டியிருக்கிறது. விமான டயர்களை ஆராய்ந்த நாசாவின் பழைய வாய்பாடு ஒன்று உண்டு: காற்றழுத்தத்தின் (பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு இறாத்தல் கணக்கில்) வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் நொட் கணக்கில் வரும். 32 பி.எஸ்.ஐ. என்று வைத்தால் 51 நொட், அதாவது மணிக்கு 94 கிலோமீற்றர். தவாளிப்பின் ஆழத்தை மீறி நீர் நிற்கும்போது பொருந்தும் கணக்கு அது; நல்ல தவாளிப்பு உள்ள டயர் இன்னும் தாக்குப்பிடிக்கும். அதிவேகப் பாதையின் உச்சவரம்பு 100 என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்றைக் குறைத்து ஓட்டினால் சொகுசு என்று நினைப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது.

சுமை எண்ணையும் கவனியுங்கள். உங்கள் அளவில் 87 என்றிருந்தால் ஒரு டயர் 545 கிலோகிராம் தாங்கும். 91 என்றிருந்தால் 615. வேக எழுத்தைப் பொறுத்தவரை டபிள்யூ மணிக்கு 270 கிலோமீற்றரையும் வி 240 ஐயும் குறிக்கின்றன. அந்த வேகத்துக்கு இலங்கையில் பாதை கிடையாது. ஆயினும் உயர்ந்த எழுத்துள்ள டயர் சூட்டைத் தாங்கும்படி கட்டப்பட்டது என்பதால் நான் கீழே இறங்குவதில்லை.

பம்பலப்பிட்டி – பி.எம்.டபிள்யூ. 3 தொடர், எஃப்30

என் நிலை இன்னும் மோசம். முன்னால் 225/45 ஆர் 18, பின்னால் 255/40 ஆர் 18. முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்த வழியில்லை. போதாக்குறைக்கு, காற்றுப் போனாலும் ஓடும் ரன்ஃபிளாட் வகை. அவற்றைக் கழற்றிவிட்டுச் சாதாரண விளையாட்டு டயர் போட்டேன். விலை இறங்கியது, குழிகளில் முதுகும் தப்பியது. மேலதிகச் சில்லு வைக்க இடமில்லாத கார் என்பதால் ஒட்டும் கருவியும் சிறிய காற்றுப் பம்பியும் எப்போதும் பின்னால் கிடக்கின்றன. ஒருமுறை மரைன் டிரைவில் நள்ளிரவில் அவற்றைத் தேட வேண்டிவந்தபோது மட்டும் பழைய டயர்களை நினைத்துக்கொண்டேன்.

தெஹிவளை – கோல்ஃப் ஜி.டி.ஐ., 7 ஆம் தலைமுறை

இங்கே எல்லோரும் விலையைப் பேசுகிறீர்கள். நான் ஒரு கிலோமீற்றருக்கான விலையைப் பேசுகிறேன். பத்து ஆண்டுகளாக இந்தக் காரின் செலவுகளைக் கொப்பியில் எழுதிவருபவன் நான் (மனைவியின் சிரிப்பையும் தாங்கிக்கொண்டு). முதல்தரத்து ஐரோப்பிய டயர் நான்கும் எனக்கு 38,000 கிலோமீற்றர் ஓடின. அடுத்து, அதன் விலையில் ஐந்தில் மூன்று பங்குக்கு மலிவானவை வாங்கினேன். அவை 22,000 இல் முடிந்தன. முதலாவதன் விலையை 100 என்று கொண்டால், ஆயிரம் கிலோமீற்றருக்கு அது 2.63, மலிவானது 2.73. பொருத்துதல், பெலன்சிங், வீல் அலைன்மென்ட் ஆகியவற்றுக்கு விரைவிலேயே மறுபடி கொடுத்தது இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆகவே என் மட்டில், விலை கூடியதே மலிவு.

ஆனால் இந்தக் கணக்கு ஆண்டுக்கு 12,000 ஓடும் என்னைப் போன்றவருக்குத்தான். வார இறுதியில் மட்டும் கார் எடுக்கிறவருக்கு டயர் தேய்வதற்கு முன்பே முதிர்ந்துவிடும். அவர் 38,000 ஓடக்கூடிய டயருக்குப் பணம் கொடுத்து 15,000 ஐ ஓடிவிட்டு எறிகிறார். அவருக்கு இடைத்தரத்து டயர்தான் நியாயம். அதை ஐந்து ஆண்டில் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தர ஒட்டுப்பட்டி கிடைத்தால் ஈரப்பிடிப்புக்கு ஏ அல்லது பி இருக்கிறதா என்று பாருங்கள். 2021 முதல் அது ஏ தொடக்கம் ஈ வரை ஐந்து படிகள்.

வெள்ளவத்தை – மீண்டும் சுபாரு

அனைவருக்கும் நன்றி. தெஹிவளை ஐயாவின் கணக்கே என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது. நான் ஆண்டுக்கு 7,000 கிலோமீற்றர்கூட ஓடுவதில்லை. கூடிய தேய்மான எண்ணைத் தேடி அலைந்ததற்கு எனக்குக் காரணமே இருந்ததில்லை.

நான்காவது கடைக்காரரிடம் மூன்றை மட்டுமே கேட்டேன்: நான்கின் உற்பத்தி வாரமும் ஒன்றாக, ஓராண்டுக்குள் இருக்க வேண்டும், பக்கச்சுவரிலுள்ள அமெரிக்க ஈரப்பிடிப்புக் குறி ஏ அல்லது ஏ.ஏ. ஆக வேண்டும், சுமை எண் 87 க்குக் குறையக் கூடாது. அவர் முகம் சுளிக்காமல் டயர்களை ஒவ்வொன்றாக இறக்கி, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் குறியை வாசித்துக் காட்டினார். மிஷெலினின் பைலட் ஸ்போர்ட் 4 இன் விலை எட்டவில்லை. அதற்கு ஒரு படி கீழே, தேய்மான எண் 240 உள்ள யோகஹாமா அட்வான் ஃபிளேவா நான்கும் ஒரே வாரத்தில் செய்தவையாகக் கிடைத்தன, எடுத்தேன். அளவை மாற்றவில்லை. முதல் இருநூறு கிலோமீற்றரும் மெதுவாகவே ஓட்டினேன், தொழிற்சாலையில் வார்ப்பச்சிலிருந்து டயர் பிரிய உதவும் மெழுகுப்பசை போகட்டும் என்று. போன வாரத்து மழையில், பின்னால் யாருமில்லாத ஒரு நேரம் பார்த்து ஐம்பதில் பிறேக்கை முழுதாக அழுத்திப் பார்த்தேன். கார் நின்றது, ஏ.பி.எஸ். இரண்டு தடவை மட்டும் தட்டியது.

பழைய டயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 5 மில்லிமீற்றர் இருக்கிறதே என்று கடைக்காரர் அவற்றுக்கு ஒரு விலை சொன்னார். அந்தப் பணம் அலைன்மென்ட் செலவுக்கு அப்படியே பொருந்தியிருக்கும். கொட்டாஞ்சேனைத் தம்பி எழுதியது நினைவுக்கு வந்தது. பக்கச்சுவர்களைக் கத்தியால் வெட்டித் தரும்படி கேட்டேன். “நல்ல சாமான், சேர்” என்று அவர் இருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு பையனைக் கூப்பிட்டுக் கத்தியைக் கொடுத்தார்.