வளைந்துபோன ஹார்ட்போர்டு ஓவியம்: ஆலோசனை தேவை

முதுகெலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் 1946இல் மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ வரைந்த ‘காயமுற்ற மான்’ ஓவியத்தில், ஒன்பது அம்புகள் தைத்த மானுடலிலிருந்து அவருடைய முகம் கலங்காமல் நம்மை நேராகப் பார்க்கிறது. பேருந்து விபத்திலிருந்து மீண்டுவரும் என் அக்காவின் முகத்தை, அந்தத் துணிவை மனத்தில் கொண்டே, ஒரு பெண்மானின் உடலோடு இணைத்து வரைந்தேன். அந்த ஓவியம் இப்போது பாழாகிக்கொண்டிருக்கிறது.

காலோ பயன்படுத்தியதைப் போன்ற ஹார்ட்போர்டு, அதாவது அழுத்தப்பட்ட மரநார்ப் பலகைதான். 45 × 60 செ.மீ., தடிமன் 3 மி.மீ. முன்பக்கத்தில் மட்டும் இரண்டு பூச்சு அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு), அதன்மேல் எண்ணெய் வண்ணம். நாகப்பட்டினத்தில் கடலோர வீடு. ஐப்பசி மழையில் தொடங்கிய வளைவால், மூன்று மாதங்களில் நான்கு மூலைகளும் ஒன்றரை செ.மீ. முன்னோக்கி எழுந்துவிட்டன. மனிதக் கழுத்து மானின் தோளாக மாறும் இடத்தில் வண்ணம் செதில்களாக எழும்புகிறது. ஓவியத்தின் உயிரே அந்த இடம்தான்.

பத்து நாள் பாரம் ஏற்றிவைத்தேன். எடுத்த இரண்டாம் நாளே மீண்டும் வளைந்தது. பின்புறம் ஜெஸ்ஸோ பூசியும் பயனில்லை. சட்டத்தில் திருகி இறுக்கியபோது செதில்கள் பெருகியதால் நிறுத்திவிட்டேன்.

எழும்பிய வண்ணத்தை முதலில் ஒட்டவைத்துவிட்டுப் பலகையை நிமிர்த்த வேண்டுமா, அல்லது நிமிர்த்திய பிறகுதான் ஒட்ட வேண்டுமா?