புதுப்பிப்பு: கேலரியில் படங்கள் வந்துவிட்டன

ஹியூகோ (இணையதளம் உருவாக்கும் மென்பொருள்) கேலரி தீமில் வேலூர்க் கோட்டைப் படங்களுக்குச் சிறுபடங்கள் வரவில்லை என்று கேட்டிருந்தேன் அல்லவா, சரியாகிவிட்டது. படங்களை ஸ்டேட்டிக் ஃபோல்டரில் வைத்திருந்ததுதான் காரணம். அதில் இருப்பதை ஹியூகோ அப்படியே நகலெடுக்கும், அளவு மாற்றாது. ஆல்பத்துக்கு ஒரு ஃபோல்டர், அதில் இண்டெக்ஸ்.எம்டி, பக்கத்திலேயே படங்கள் என்று வைத்ததும் வந்துவிட்டன.

அப்புறம் இன்னொரு தொல்லை. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களை நெட்டுவாக்கில் எடுத்திருந்தேன். தீம் 'ஃபில்' போட்டுச் சதுரமாக வெட்டியதில் யாளிக்குத் தலையே இல்லை! தீமுக்குள் கை வைக்காமல், டெம்ப்ளேட்டை நம் லேஅவுட்ஸ் ஃபோல்டருக்கு நகலெடுத்து 'ஃபிட்' என்று மாற்றினேன். முழுத் தூணும் தெரிகிறது. வரிசை கொஞ்சம் கோணல்மாணல்தான், இருக்கட்டும்.

முதல் பில்டு (தளத்தை உருவாக்கும் வேலை) மெதுவாக ஓடும். சிறுபடங்கள் ரிசோர்சஸ் ஃபோல்டரில் சேமிக்கப்படுவதால் அடுத்த முறை சட்டென்று முடியும், அதை அழித்துவிடாதீர்கள்.